பொம்மைக் கண்

இன்றைக்கு அந்த ஓவியரைப் பற்றித் தலையணை கனத்தில் புத்தகங்கள் வந்துவிட்டன. வெளிநாட்டில் அவர் கழித்த ஆரம்ப வருஷங்களுக்கு அவற்றில் ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். ‘தனிமையில் தன்னையே தேடிய காலம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த அத்தியாயத்துக்கு ஓடிவிடுகிறார்கள். தனிமை என்று சொல்வது அந்த வீட்டுக்குச் செய்கிற அநியாயம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதில் அண்ணன், அண்ணி, அவர். ஒருவர் தும்மினால் மற்ற இருவரும் முகம் துடைத்துக்கொள்ள வேண்டும். தேடிய காலம் என்பது வேண்டுமானால் சரி. வண்ணம் துடைக்கிற துணி எது, அண்ணனின் சட்டை எது என்று தெரியாமல் அங்கே தினமும் யாராவது எதையாவது தேடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்போது அவர் ‘அவர்’ ஆகியிருக்கவில்லை. வெறும் தம்பி. நாமும் அப்படியே சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டார், தன்னைப் பற்றியதாக இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்கிற பொறுமை அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

அண்ணனுக்குத் துணிக்கடை பொம்மைகள் செய்யும் கம்பெனியில் வேலை. அச்சுப் பிரிவு. முன்பாதி, பின்பாதி என்று இரண்டு ஓடுகளாக வந்து விழுகிற உடம்பை ஒட்டி, ஒட்டிய இடத்தில் கோடு தெரியாமல் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வருஷத்தில் பாதி நாள் தூறலே பெய்யும் ஊர் அது. தேய்த்த தூசியோடு வெளியே வந்தால் தூறலில் நனைந்து அண்ணனே அச்சில் வார்த்த மாதிரி வெள்ளையாகி வீட்டுக்கு வருவார். அண்ணி கதவருகிலேயே நிறுத்தி, தட்டித்தான் உள்ளே விடுவாள். அவளுக்கும் அங்கேதான் வேலை, முடிப் பிரிவில். பொய்முடிகளைச் சீவி, பின்னி, மொட்டைத் தலைகளில் மாட்டுவது. “ஊர்ல எனக்கு நானே தலை சீவிக்க நேரமில்ல. இங்க வந்து உசிரில்லாததுக்கெல்லாம் சடை போடறேன்” என்பாள்.

தம்பி மூன்று மாதத்துக்கென்று வந்தவன். தலைநகரத்தில் இருக்கும் ஓவியக் கல்லூரியில் சேர்வதாகப் பேச்சு. கல்லூரிக்காரர்கள், வரைந்து முடித்த படம் ஒன்றைக் கொண்டுவா என்றார்கள். தம்பியிடம் ஆரம்பித்த படங்கள் நிறைய இருந்தன. ஒரு தோள், பாதி மரம், முகம் வரவேண்டிய இடத்தில் வெறும் துணி. முடிந்த படம் ஒன்றுகூட இல்லை.

“முடிக்கறதுங்கறது ஒரு சமரசம் அண்ணி” என்பான்.

“அப்ப சமைக்கறதையும் நான் பாதில நிறுத்திடறேன், சமரசமில்லாம சாப்பிடு.”

மூன்று மாதம் இரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டது. அண்ணன்தான் சொல்லிவைத்து அவனைக் கம்பெனியில் கண் பிரிவில் சேர்த்துவிட்டார். பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை. அந்தப் பிரிவில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பொம்மை யாரையும் பார்க்கக் கூடாது. மேஸ்திரி முதல் நாளே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். “பொம்மை பார்த்துச்சுன்னா, சட்டையைத் தொட்டுப் பார்க்க வந்தவ கையை இழுத்துக்குவா. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்க வெட்கப்படுவா. பேசாம வெளிய போயிடுவா. அதனால கருமணியைக் கடுகளவு மேல தூக்கு, கடுகளவு ஓரமாத் தள்ளு. எதிர்ல நிக்கறவங்க தோளுக்கு மேல பார்க்கணும். புரியுதா?”

தம்பி இதைக் கலைக்கு நேர்ந்த அவமானம் என்று வீட்டில் வந்து சொன்னான். ஆனால் கை நல்ல கை. வெள்ளை, பழுப்பு, கருமணி, ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். முதல் வருஷம் முடிவதற்குள் பேசிக்கொண்டே கண் எழுதினான். அடுத்த வருஷம் தூங்கிக்கொண்டே எழுதினான் என்று மேஸ்திரி சொன்னது பாதிதான் கிண்டல்.

வீட்டில் பிரச்சினை வேறு. அண்ணன் அண்ணிக்கு ஒரு மகள். இங்கே வரும்போது கைக்குழந்தை என்பதால் அண்ணியின் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தார்கள். இப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. அழைத்து வர வேண்டுமென்றால் குழந்தைக்கென்று தனியாக, ஜன்னல் வைத்த ஓர் அறை இருக்க வேண்டும். அந்த ஊர்ச் சட்டம் அது. நகராட்சி ஆள் வந்து பார்த்த பிறகுதான் அனுமதி. வீட்டிலிருந்த இரண்டு அறைகளில் ஜன்னல் இருந்தது ஒன்றில்தான். அதில் தம்பி இருந்தான். வடக்கு வெளிச்சம் வேண்டும் என்று வந்த அன்றே பெட்டியை அங்கே வைத்துவிட்டான்.

‘அறையைக் காலி பண்ணு’ என்று சொன்னால் முடிகிற விஷயம். யார் சொல்வது? அண்ணன் சொன்னால் கூடப்பிறந்தவனை வெளியே தள்ளியவன் ஆவார். அண்ணி சொன்னால் கேட்கவே வேண்டாம். ஊரிலிருக்கும் மாமியாரில் தொடங்கி மூன்று தலைமுறைக்குப் பேச்சு ஓடும். தம்பிக்கோ இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அவன் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. குழந்தை இன்னும் ஏன் வரவில்லை என்று அவன் ஒருமுறை விசாரித்தபோது, “நேரம் வரணும்பா” என்று அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தம்பி அதை வாழ்க்கையைப் பற்றிய கருத்தாக எடுத்துக்கொண்டு தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போன் போடுவார்கள். ஒரு ஞாயிறு அந்தப் பக்கத்தில் குழந்தை யாரிடமோ கத்திச் சொன்னது இங்கே தெளிவாகக் கேட்டது: “அம்மா! போன் அம்மா கூப்பிடறாங்க, வா!”

அண்ணி அன்று நன்றாகத்தான் பேசினாள். சாப்பிட்டாயா, படித்தாயா, ஜலதோஷம் போய்விட்டதா. போனை வைத்துவிட்டு உருளைக்கிழங்கு நறுக்க உட்கார்ந்தாள். வீட்டிலிருந்த உருளைக்கிழங்கு மொத்தத்தையும் நறுக்கிய பிறகுதான் நிறுத்தினாள்.

“என்னங்க.”

“ம்.”

“கம்பெனில பெரிய வீடு எப்பங்க குடுப்பாங்க?”

“மேஸ்திரி ஆனாத்தான் குடுப்பாங்க. நான் எங்க ஆகறது? எங்க பிரிவு மேஸ்திரிக்கு இன்னும் பல்லுகூட ஆடல.”

“கண் பிரிவு மேஸ்திரி போறாருல்ல?”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அண்ணியின் திட்டம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தம்பியை வெளியே போகச் சொல்ல முடியாது; மேலே ஏற்றிவிடலாம் அல்லவா? அவன் மேஸ்திரி ஆனால் மூன்று அறை வீடு. அதில் மூன்று ஜன்னல்.

சந்தர்ப்பமும் வந்தது. கம்பெனியை ஆரம்பித்த பெரிய முதலாளி காலமானார். சின்ன முதலாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, வாசல் கூடத்தில் அப்பாவின் படம் ஆளுயரத்துக்கு வேண்டும் என்றார். பெரிய முதலாளியின் மனைவியான முதலாளியம்மா முடிப் பிரிவுக்கு அடிக்கடி வருவாள். நல்ல மாதிரி. பொய்முடிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அண்ணி ஒருநாள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

“எங்க கொழுந்தன் பெரிய ஓவியன்மா. முகம் வரைஞ்சா ஆள் எழுந்து வந்து தண்ணி கேட்கும். இங்கதான் கண் பிரிவுல இருக்கான், பாவம்.”

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னபோது அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“செத்துப்போனவரை நான் பார்த்ததே இல்லையே அண்ணி.”

“போட்டோ குடுத்திருக்காங்கல்ல? மூக்கு, வாய், காது எல்லாம் இருக்கு. எண்ணிப் பார்த்துட்டேன்.”

“போட்டோவுல மனுஷன் இருக்க மாட்டான். தோல்தான் இருக்கும்.”

“நீ தோலை வரை. உள்ள இருக்கறதை அந்தம்மா பார்த்துக்கட்டும்.”

ஜன்னலை மறைத்துக்கொண்டு ஆளுயரச் சட்டம் நின்றது. வீடு முழுக்க டர்பன்டைன் வாசனை; சோற்றிலும் அதேதான். கோட்டு வந்தது. கோட்டின் பொத்தான்கள் வந்தன. ஒரு பொத்தானுக்கு மட்டும் ஒரு வாரம் போனது. அது பெரிய முதலாளியின் கர்வத்தைக் காட்ட வேண்டுமாம். “கர்வத்தை ஒரே பொத்தான்ல வெச்சுட்டு மத்ததைச் சட்டுனு முடிப்பா” என்றார் அண்ணன். கை வந்தது, மோதிரம் வந்தது, முகம் வந்தது. கண் மட்டும் இரண்டு வெள்ளைக் குழிகளாக நின்றது. இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும் அண்ணி அந்தப் பக்கம் திரும்பாமல் போய்வரப் பழகிக்கொண்டாள்.

“கண்ணு கடைசில அண்ணி. ஆன்மா அங்கதான் இருக்கு.”

“அந்த ஆன்மாவைக் கொஞ்சம் சீக்கிரம் வரச்சொல்லுப்பா. மேஸ்திரி மூட்டை கட்டிட்டாராம்.”

படம் திறக்கிற நாள் காலையிலும் ஆன்மா வரவில்லை. பத்து மணிக்கு வேன் வரும். வெளியே தூறல். அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றாள். பேசாமல் நிற்கிற அண்ணிக்கு மட்டும் தம்பி பயப்படுவான். ஒரு கையில் டீயும் மறு கையில் தூரிகையுமாகப் போய் நின்றான். வெள்ளை, பழுப்பு, கருமணி, ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். டீ ஆறுவதற்குள் இரண்டு கண்ணும் முடிந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தை முடித்திருக்கிறான். தள்ளி நின்று பார்த்தான். கண்ணில் நீர் தளும்பியது.

அண்ணி எதிரே போய் நின்றாள். பிறகு வலது பக்கம் போனாள். இடது பக்கம் வந்தாள். அடுப்பங்கரை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏன் தம்பி, எங்க போய் நின்னாலும் இவரு என்னைப் பார்க்கவே மாட்டேங்கறாரே?”

“அதெல்லாம் வெளிச்சம் அண்ணி.”

சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டே வந்த அண்ணன், தலை வெளியே வந்ததும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

“டேய்! பொம்மைக் கண்ணு போட்டுட்டியேடா!”

பிறகு மூன்று பேரும் அறைக்குள் நடந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி படத்தின் கண்ணெதிரே முகத்தைக் கொண்டுபோனார். பெரிய முதலாளி அண்ணனின் தோளுக்கு மேலே, அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவில் அவர் நேராக, கடன்காரனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். இதில் பஸ் வருகிறதா என்று பார்க்கிறார்.

“திருத்துடா.”

“ஈரம்ணா. தொட்டா இழுத்துக்கும். மூஞ்சியே போயிடும்.”

“ரெண்டு வருஷமா சோறு போட்டதுக்கு ரெண்டு கண்ணை நேரா வைக்கத் தெரியல...”

“அவனைத் திட்டாதீங்க” என்றாள் அண்ணி. அவள் குரலில் ஒன்றுமே இல்லை. “நான்தான் அவசரப்படுத்தினேன்.”

வாசலில் வேன்காரன் ஹாரன் அடித்தான். இரண்டு ஆட்கள் வந்து, ஈரம் படாமல், சவத்தைத் தூக்குகிற பதவிசோடு படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணி காலியான டீ டம்ளரைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினாள்.

கம்பெனிக் கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்வரிசையில் நனைந்த கோட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள், வேலைக்காரர்கள் சுவரோரம். ஆட்கள் பற்றாத இடத்தில் புதுமாதிரி பொம்மைகளுக்குக் கோட்டுப் போட்டு நிறுத்தியிருந்ததால் கூட்டம் நிறைந்த மாதிரியே இருந்தது. சின்ன முதலாளி நீளமாகப் பேசினார். திரையை இழுத்தார். கூடத்தில் ஓர் அசைவு. ஒவ்வொருவராகத் தலையைச் சாய்த்து, கழுத்தை நீட்டி, படத்திலிருப்பவர் பார்க்கிற இடத்துக்கு வர முயன்றார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு பெரிய மனிதர் திரும்பியே பார்த்தார். சின்ன முதலாளி ஒரு விநாடி திகைத்தார்; ஆனால் மேடையில் பழக்கமுள்ளவர்.

“பாருங்கள்! அப்பா நம்மைப் பார்க்கவில்லை. நமக்கு அப்பால், கம்பெனியின் அடுத்த ஐம்பது வருஷத்தைப் பார்க்கிறார்!”

கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்போது முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. முதலாளியம்மா. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை.

“ஐம்பது வருஷமாவது ஒண்ணாவது” என்றாள். அந்த ஊர்ப் பேச்சில்தான் சொன்னாள், அர்த்தம் இதுதான். “இது அவரேதான். சாப்பிட உட்கார்ந்தா இப்படித்தான் பார்ப்பார், என் தோளுக்கு மேல. அங்க என்னதான் இருக்குன்னு கல்யாணமான புதுசுல திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். சுவர்தான் இருக்கும். என் முகத்தை அவர் பார்த்ததே இல்லடா. போட்டோக்காரனை மட்டும்தான் நேரா பார்த்தார், காசு குடுத்திருந்ததால.”

கூடத்தில் மூச்சுச் சத்தமில்லை. பொம்மைகள் மட்டும் இயல்பாக நின்றன.

அவள் எழுந்து படத்தின் அருகே போனாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. பிறகு தம்பியைக் கூப்பிட்டு, “நீ அவரைப் பார்த்ததே இல்லயே. உனக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டாள்.

தம்பிக்கு அந்த மொழியில் வண்ணங்களின் பெயரும் மன்னிப்பு கேட்கிற வார்த்தைகளும்தான் பேச வரும். தமிழிலேயே சொன்னான்: “ஒரு முகத்தோட மௌனத்துக்குள்ள இறங்கிப் போனா, அதுவே தன் தனிமையைச் சொல்லிடும்.”

அண்ணன் மொழிபெயர்த்தார்: “போட்டோ தெளிவா இருந்துச்சுன்னு சொல்றான்மா.”

சின்ன முதலாளி கைகுலுக்கி, திங்கட்கிழமையிலிருந்து கண் பிரிவுக்கு நீதான் மேஸ்திரி என்றார். வீடும் உண்டு என்றார். ஆனால் முதலாளியம்மா விடவில்லை.

“மேஸ்திரியா? பையனைக் கெடுக்காதே. தலைநகரத்து ஓவியக் கல்லூரித் தலைவர் என் தம்பிகூடப் படிச்சவர். அங்க முடிச்ச படம்தானே கேப்பாங்க? இதோ இருக்கு. ரெண்டு வாரத்துல போகட்டும். செலவு என்னோடது.”

வீடு திரும்பினார்கள். தூறல் விடவில்லை, கூரை விளிம்புகள் சொட்டிக்கொண்டிருந்தன. மூன்று பேருக்கும் ஒரே குடை; அதனால் மூன்று பேரும் நனைந்தார்கள். சோறும் பருப்பும் முட்டையும் தட்டில் விழுந்த பிறகு தம்பி தொண்டையைச் செருமினான்.

“அண்ணி, நான் ஒரு துரோகம் பண்ணப் போறேன்.”

“சாப்பிட்டுட்டுப் பண்ணு.”

“மேஸ்திரி வேலை வேண்டாம்னு சொல்லப் போறேன். உங்களுக்கு அந்த வீட்டு மேல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். நான் தலைநகரம் போனா அது கிடைக்காது. ஆனா கலை கூப்பிடும்போது...”

அண்ணன் பாய்ந்தார். “டேய், மூணு ரூம்டா! கூப்பிடட்டுமே, கொஞ்ச நாள் கழிச்சுப் போறேன்னு சொல்ல...” இதற்குள் மேஜைக்கு அடியில் அவர் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. சாதாரணக் கிள்ளு இல்லை, திருகி விட்டது. அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னல் அறையைப் பார்த்தாள். அண்ணனுக்கு எப்போதும்போல் கொஞ்சம் தாமதமாக வெளிச்சம் வந்தது.

“கூப்பிட்டா போகவேண்டியதுதான்” என்று முடித்தார்.

தம்பிக்கு ஏமாற்றமாக இருந்தது. அழுகை, வாக்குவாதம், ஓர் இரவு முழுக்கப் போராட்டம் என்று மனதுக்குள் தயார் செய்துவைத்திருந்தான். “என்னைத் தடுக்க மாட்டீங்களா?”

“கலையை நாங்க யாருப்பா தடுக்க?” என்றாள் அண்ணி. “உன் கம்பளிச் சட்டைல கைப்பக்கம் பிஞ்சிருக்கு. குடு, தைச்சு வைக்கறேன். பெட்டியும் எடுத்துக் குடு, துடைச்சு வைக்கறேன்.”

கிளம்புகிற நாள் வெயில் வந்தது. பெட்டி இரண்டு நாளாகவே வாசலில் தயாராக இருந்தது. பாதிப் படங்களைச் சுருட்டிக் கட்டியாகிவிட்டது. மத்தியானம் ரயில். தம்பி அறையைக் கடைசியாகப் பார்க்கிறேன் என்று உள்ளே போனான். அண்ணி கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கை குடு தம்பி. ஜன்னல்கிட்ட வேண்டாம், எட்டிப் பார்ப்பா. சுவரோரமாப் போடலாம்.”

“யார் எட்டிப் பார்ப்பா?”

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு கட்டிலிலேயே உட்கார்ந்தாள். நகராட்சி ஆள் வெள்ளிக்கிழமை வருகிறான், ஜன்னல் வேண்டும், தனி அறை வேண்டும் என்று இரண்டு வருஷத்துக் கதை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தம்பி ஜன்னலைப் பார்த்தான். அதன் சட்டமெங்கும் அவன் தூரிகை துடைத்த கறைகள்.

“இந்த ரூமாலயா அவ இத்தனை நாள் வரல?”

“உன்னால இல்லப்பா. ரூமால.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எங்கயாவது போயிருப்பேனே அண்ணி.”

“எப்படிப்பா சொல்றது?”

தம்பிக்கு அலங்காரமாக ஒரு வாக்கியம்கூட வரவில்லை. மௌனம், தனிமை எதுவுமே கைகொடுக்கவில்லை. கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

“ரயில்?” என்றார் வாசலில் நின்ற அண்ணன்.

“நாளைக்கும் ஓடும்ணா. அந்த உப்புத்தாளை எடு.”

இருவரும் சுவரைத் தேய்த்தார்கள். இரண்டு வருஷமாகத் தம்பி நிறம் பரிசோதித்த சுவர். பச்சை, காவி, யாருடையதோ ஒரு காது. அண்ணன் பொம்மை உடம்பைத் தேய்க்கிற அதே வட்ட வீச்சில் தேய்த்தார். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் தூசி மிதந்தது. அண்ணி ஈரத்துணியோடு பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள். தம்பி டப்பாக்களைத் திறந்து வரிசையாக வைத்தான்.

“அண்ணி, பாப்பா ரூம். என்ன கலர் வேணும்னு சொல்லுங்க, கலந்துடறேன். அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்?”

அண்ணி துணியைப் பிழிந்தாள். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

“தெரியலயே தம்பி.”

அண்ணன் தேய்ப்பதை நிறுத்தினார்.

“எனக்கு அது தெரியாது” என்றாள் அண்ணி. “இப்ப வெள்ளையடிச்சு வை. அவ வந்து சொல்லட்டும்.”

தம்பி மற்ற டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினான். வெள்ளையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கத்துச் சுவரிலிருந்து ஆரம்பித்தான்.